வண்டி முடியட்டும்

குருவைத் தேடிப் போகிறவர்கள் மலையேறுவார்கள், ஆறு கடப்பார்கள் என்றெல்லாம் கேள்விப்பட்டிருக்கிறோம். குழந்தைவேலு கோயமுத்தூர் ஆவாரம்பாளையத்தில் இரண்டு சந்து திரும்பினார், அவ்வளவுதான். இரும்பு வார்க்கும் ஒரு பவுண்டரிக்கும் மாவு மில்லுக்கும் நடுவில் தகரக் கூரை போட்ட பட்டறை. உள்ளே ஒரு லேத், ஒரு டிரில்லிங் மெஷின், தரை முழுக்கப் பழைய மோட்டார் சைக்கிள்கள். நடுவே குத்தவைத்து உட்கார்ந்து ஏதோ ஒரு சாமானை மண்ணெண்ணெயில் கழுவிக்கொண்டிருந்தவர் சாந்தலிங்கம்.

சாந்தலிங்கத்துக்கு நாற்பத்தொரு வயது. குழந்தைவேலுவுக்கு அறுபத்திரண்டு. சீடருக்கு வயது கூட என்பது ஒரு சங்கடம். இன்னொரு சங்கடமும் இருந்தது. குழந்தைவேலு ஒரு பம்ப் கம்பெனியில் முப்பத்துநாலு வருடம் தரம் பார்க்கும் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். வெளிப் பட்டறைகளில் கடைந்து வரும் சாமான்களை அளந்து பார்த்து, சரியாக இருந்தால் பச்சை மையில் ஒரு கோடு போடுவார், இல்லாவிட்டால் சிவப்பு மையில். அவருடைய பச்சை மை பாட்டில் தீர்ந்து யாரும் பார்த்ததில்லை என்று லேத்காரர்கள் கேலி பேசுவார்கள். சாந்தலிங்கமும் தொழில் தொடங்கிய புதிதில் அந்தக் கம்பெனிக்கு ஷாஃப்ட் கடைந்து கொடுத்தவர்தான்.

“என்னை ஞாபகம் இருக்குதுங்களா சார்?” என்றார் சாந்தலிங்கம்.

“இல்லையேப்பா.”

“இருநூறு ஷாஃப்ட்டுங்க. அத்தனையும் ரிஜெக்ட் பண்ணீங்க. அரை முடி கனம் கூட இருந்துச்சு.”

“அளவுன்னா அளவுதானே.”

“அதுல தப்பே இல்லீங்க. வாங்க, என்ன வேலை?”

வெளியே ஒரு குட்டி லாரியில் ஒரு மோட்டார் சைக்கிள் பிரேம் கிடந்தது. எஞ்சின் இல்லை. சக்கரம் இரண்டும் தனியாகக் கட்டி வைத்திருந்தது. ஐம்பத்தாறாம் வருடத்துச் சீமை வண்டி. பிரேமின் முன்பாதியில் யாரோ பழைய பெயிண்ட்டை எமரித் தாளால் தேய்த்து எடுத்து வெறும் இரும்பைக் கொண்டுவந்திருந்தார்கள். பின்பாதியில் பெயிண்ட் அப்படியே இருந்தது. தேய்த்த இடம் துருப்பிடிக்காமல் எண்ணெய் பூசியிருந்தது.

“என் பையன் உக்கடத்துல இரும்புக் கடையில வாங்கினான்” என்றார் குழந்தைவேலு. “அவனேதான் தேச்சான்.”

“பையன் வரலீங்களா?”

“இல்லப்பா. ரெண்டு வருசம் ஆச்சு. டெங்குன்னு சேர்த்தோம். ஆறே நாள்.”

சாந்தலிங்கம் பிரேமின் ஒரு முனையைப் பிடித்தார். குழந்தைவேலு மறுமுனையைப் பிடித்தார். இரண்டு பேரும் அதை உள்ளே கொண்டுபோய் ஸ்டாண்டில் நிறுத்தினார்கள்.

“எஞ்சின் வேணுமே சார்.”

“அதே கம்பெனி, அதே வருசம் வேணும். எனக்கு ஒண்ணும் அவசரமில்லை.”

“தேடிப் பாக்கலாம்ங்க. ஒண்ணே ஒண்ணு. வேலையை நீங்கதான் செய்யோணும். நான் பக்கத்துல இருந்து சொல்றேன்.”

“நானா? எனக்கு அளக்கத்தான் தெரியும்.”

“நான் செஞ்சு நீங்க ரிஜெக்ட் பண்ணிட்டா, நான் எங்கீங்க போறது?”

குழந்தைவேலுவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மறுநாள் காலை ஒன்பது மணிக்கு, பழைய சட்டை ஒன்றைப் போட்டுக்கொண்டு வந்து சேர்ந்தார்.

ஒரு வருடத்தில் எஞ்சின் தவிர மற்றதெல்லாம் முடிந்தது. சக்கரக் கம்பிகளை முறுக்கிக் கோணல் எடுக்கக் கற்றுக்கொண்டார். பிரேக் கட்டை வைத்தார். டேங்க்கின் ஓட்டையை அடைத்தார். கை மரத்துப்போகும் வரை உட்கார்ந்து வேலை செய்வார். குறை சொல்ல முடியாத சீடர். மீதிப் பெயிண்ட்டையும் தேய்த்துவிடலாமே என்று சாந்தலிங்கம் ஒருமுறை சொன்னபோது மட்டும் முடியாது என்றுவிட்டார்.

“அவன் விட்ட இடத்துலயே இருக்கட்டும்.”

“இருக்கட்டும்ங்க.”

எஞ்சின் விஷயம்தான் நகரவில்லை. நகரவில்லை என்பதுகூடத் தப்பு. மூன்று முறை எஞ்சின் வந்தது. முதலில் வந்தது அதே கம்பெனி, ஆனால் எண் பொறித்த இடம் தேய்ந்திருந்தது. குழந்தைவேலு வேண்டாம் என்றார். இரண்டாவது எண்ணெல்லாம் சுத்தம், இரண்டு வருடம் பிந்தியது. வேண்டாம் என்றார். மூன்றாவது பெங்களூரிலிருந்து வந்தது. அதே கம்பெனி, அதே ஐம்பத்தாறு. அதை இரண்டு நாள் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கடைசியில் அடிப்பக்கத்தில் நகக்கண் அளவுக்கு ஒரு கீறலைக் கண்டுபிடித்தார்.

“பத்து நிமிசத்துல வெல்டு போட்டுப் பத்த வெச்சிரலாம்ங்க” என்றார் சாந்தலிங்கம்.

“பத்த வெச்சது பத்த வெச்சதுதானே. வேண்டாம்.”

சாந்தலிங்கம் மறுக்கவில்லை. அந்த மூன்று எஞ்சின்களும் வேறு மூன்று பேருடைய வண்டிகளில் ஏறி, ஊருக்குள் ஓடிக்கொண்டிருந்தன.

இனி வீட்டு விஷயத்தையும் சொல்லிவிட வேண்டும். குழந்தைவேலுவின் மனைவி எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டார். மகன் தினகரனும் போன பிறகு வீட்டில் இருப்பது மூன்றே பேர். அவர், மருமகள் மேகலா, ஆறு வயதுப் பேத்தி இனியா. மேகலா ஒரு நர்சரிப் பள்ளியில் டீச்சர். அவளை உடுமலையில் ஒருவர் கேட்டு வந்திருந்தார். பெயர் ஜெகதீசன். மின்வாரியத்தில் வேலை. மனைவியை இழந்தவர். பேசிப் பார்த்ததில் மேகலாவுக்கும் பிடித்திருந்தது. அவளுக்கு அப்பா அம்மா கிடையாது. அண்ணன் ஒருவன் உண்டு. உன் மாமனார் சரி என்று சொன்னால் எனக்கும் சரி என்று அவன் ஒதுங்கிக்கொண்டான்.

மேகலா மாமனாரிடம் நேராகவே கேட்டாள். அவர் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

“தினகரன் வண்டி முடியட்டும் கண்ணு. அப்புறம் பேசலாம்.”

அது நடந்து பத்து மாதம் ஆகிறது. குழந்தைவேலு பொல்லாதவர் இல்லை. மருமகளும் பேத்தியும் போய்விட்டால் அந்த வீட்டில் தான் மட்டும்தான் என்ற பயம் அவருக்கு இருந்தது. அதை வாய்விட்டுச் சொல்ல வெட்கமாக இருந்தது. அதனால் வண்டியைச் சொன்னார். சொல்லிச் சொல்லி, காரணம் வண்டிதான் என்று அவரே நம்பவும் தொடங்கிவிட்டார்.

ஆவணி பிறந்து ஐந்தாறு நாள் ஆகியிருக்கும். ஒரு மத்தியானம் மேகலா பட்டறைக்கு வந்தாள்.

“மாமா இல்லீங்களாண்ணா?”

“காந்திபுரம் போயிருக்காருங்க, போல்ட் வாங்க. உக்காருங்க.”

அவள் உட்காரவில்லை. ஸ்டாண்டில் நின்ற பிரேமையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள்.

“இது எப்பங்கண்ணா முடியும்?”

“எஞ்சின் இருந்தா பத்துப் பதினஞ்சு நாள்.”

“எஞ்சின் எப்பக் கிடைக்கும்?”

“மூணு தடவை கிடைச்சுதுங்க.”

மேகலாவுக்குப் புரிந்துவிட்டது. கொஞ்சம் தயங்கிவிட்டு உடுமலை விஷயத்தைச் சொன்னாள். மாமா வண்டியைச் சொல்லித் தள்ளிப்போடுவதையும் சொன்னாள்.

“அவங்கம்மா ஆவணிக்குள்ள பதில் சொல்லச் சொல்றாங்க. அவங்களையும் எத்தனை நாள் காக்க வெக்கறதுங்க.”

“நீங்களே செரின்னு சொல்லிரலாமில்லீங்க?”

“சொல்லலாம்ங்கண்ணா. அப்புறம் மாமா மொகத்துல எப்படி முழிக்கறது? அவரு வாயால சொல்லாம நான் போனா, இனியாவுக்குத் தாத்தாவே இல்லாமப் போயிரும். எனக்கும் வேற யாருங்க இருக்காங்க.” அவள் கைப்பையைத் தோளில் சரிசெய்துகொண்டாள். “நான் வந்ததை மாமாகிட்டச் சொல்லிராதீங்க.”

“சொல்லலீங்க.”

மறுநாள் காலை குழந்தைவேலு வந்தபோது மேசை மேல் ஒரு எஞ்சின் இருந்தது. மூலையில் சாக்கு மூடி வெகுநாளாகக் கிடந்ததை சாந்தலிங்கம் துடைத்து எடுத்து வைத்திருந்தார்.

“இது புல்லட் எஞ்சினாச்சே” என்றார் குழந்தைவேலு.

“ஆமாங்க.”

“இது அந்த பிரேம்ல உக்காராது.”

“உக்காராதுங்க.”

“கம்பெனி வேற, வருசம் வேற. ஆர்.சி. புக்குல இருக்கற நம்பர் வேற.”

“வேற எஞ்சின் வெச்சா எழுதிக் குடுக்கறதுக்கு ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல ஒரு பாரம் இருக்குதுங்க.”

“அதெல்லாம் இருக்கட்டும். இது எதுக்கு?”

“நல்ல எஞ்சின். சும்மா கிடக்குது.”

குழந்தைவேலு வெர்னியரை எடுத்தார். பிரேமில் எஞ்சின் உட்காரும் துளைகளை அளந்தார். எஞ்சினை மாட்ட அதன் ஓரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் காதுகளின் துளைகளை அளந்தார். நோட்டில் எழுதிக் கழித்துப் பார்த்தார்.

“கீழ பதினாலு மில்லி வித்தியாசம். மேல இருபத்திரண்டு.”

அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. சாந்தலிங்கம் அதைப் பார்த்தார்.

“செரிங்க. எப்படி உக்கார வெக்கறது?”

“உக்காராதுன்னுதானே சொல்றேன்.”

“உக்காராதது ரெண்டு பேருக்கும் தெரியும்ங்க. எப்படி உக்கார வெக்கறது?”

குழந்தைவேலு யோசித்தார். கேள்வி என்று ஒன்று வந்துவிட்டால் விடை சொல்லாமல் இருக்க அவரால் முடியாது.

“எஞ்சின் காதுல பதினாலு மில்லி அறுத்து எடுத்தா உக்காரும்.”

“அறுங்க.”

அவர் ஆக்ஸா பிளேடை எடுத்துக்கொண்டு போனார். சாக்பீஸால் கோடு போட்டார். பிளேடை வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

“எஞ்சினுக்கு ஒண்ணும் ஆகாதே?”

“ஆறு மாசம் ஓடும்ங்க. அப்புறம் அந்த இடத்துல வெடிச்சு எண்ணெய் ஒழுகும்.”

“ஏப்பா, இதை முன்னாடியே சொல்ல மாட்டியா?”

“இப்பத்தானே கேட்டீங்க.”

குழந்தைவேலுவுக்குக் கோபம் வந்தது. பிளேடோடு பிரேம் பக்கம் போனார். எஞ்சினை அறுக்கக் கூடாது என்றால் பிரேமை அறுத்துத்தான் ஆக வேண்டும். எங்கே அறுக்க வேண்டும் என்று பார்த்தார். அது தினகரன் தேய்த்து நிறுத்திய இடத்துக்கு நான்கு விரல் தள்ளி இருந்தது. எமரித் தாளின் கோடுகள் அங்கே இன்னும் தெரிந்தன. பிளேடை வைக்கக்கூட அவருக்குக் கை வரவில்லை.

“நான் அறுக்க மாட்டேன்” என்றார்.

“அறுக்க வேண்டாம்ங்க.”

“அதையும் அறுக்கக் கூடாது, இதையும் அறுக்கக் கூடாதுன்னா ரெண்டும் எப்படியப்பா சேரும்?”

சாந்தலிங்கம் லேத்துக்கு அடியில் கையை விட்டு ஒரு இரும்புத் தகட்டை இழுத்துப்போட்டார். எட்டு மில்லி கனம், முறம் அளவு இருக்கும்.

“அறுக்கறதுக்கு இது இருக்குதுங்களே.”

எஞ்சினுக்கும் பிரேமுக்கும் நடுவில் இரண்டு பக்கமும் அந்தத் தகட்டில் அறுத்த பிளேட் ஒவ்வொன்று. பிளேட்டின் ஒரு முனை பிரேமின் துளைக்கு, மறுமுனை எஞ்சினின் துளைக்கு. இப்படிச் சேர்ப்பது பட்டறைகளில் எல்லோரும் செய்வதுதான். குழந்தைவேலுவுக்கும் அது தெரியாமல் இருக்காது. மகனுடைய வண்டியில் அதைச் செய்ய அவர் நினைத்துப் பார்த்ததில்லை, அவ்வளவுதான்.

இரும்பில் கை வைத்த பிறகு அவர் பழைய குழந்தைவேலு ஆகிவிட்டார். அளந்தார், வரைந்தார், அறுத்தார், அரத்தால் தேய்த்தார். வெயிலில் தகரக் கூரை கொதித்தது. நான்கு நாள் ஆயிற்று. ஐந்தாம் நாள் பிளேட்டைக் கொண்டுவந்து நீட்டினார்.

“பாத்துக்க. அரை முடி வித்தியாசம் கிடையாது.”

மாட்டிப் பார்த்தார்கள். கீழ்த் துளைகள் சேர்ந்தன. மேல் துளைகளும் சேர்ந்தன. எஞ்சின் அழகாக உட்கார்ந்தது. செயினைப் போட்டபோதுதான் தெரிந்தது. முன்னால் எஞ்சினின் பல்சக்கரம் ஒரு கோட்டில் நின்றது, பின்னால் சக்கரத்தின் பல்சக்கரம் வேறொரு கோட்டில் நின்றது. செயின் குறுக்கே இழுத்துக்கொண்டு கோணலாகக் கிடந்தது.

“எல்லாம் சரியாத்தானே அளந்தேன்?”

“எஞ்சினை அளந்தீங்க, சரியா இருக்குது. பிரேமை அளந்தீங்க, அதுவும் சரியா இருக்குது.”

“பின்ன?”

சாந்தலிங்கம் விட்டத்தில் ஒரு கயிற்றைப் போட்டு எஞ்சினைக் கட்டித் தூக்கினார். பிரேமுக்குள் அது அந்தரத்தில் தொங்கியது. கொத்தனார் பிடிக்கும் நூல் ஒன்றை எடுத்துப் பின் சக்கரத்தின் பல்சக்கரத்தில் ஒரு முனையைக் கட்டி, மறுமுனையை முன்னால் இழுத்துப் பிடித்தார்.

“எஞ்சின் எங்க நிக்கோணும்னு எஞ்சினைக் கேக்கக் கூடாதுங்க. பிரேமையும் கேக்கக் கூடாது. செயின் எங்க நேரா ஓடுதோ அங்க நிக்கோணும். தள்ளுங்க.”

குழந்தைவேலு எஞ்சினை மெல்லத் தள்ளினார்.

“இன்னும் கொஞ்சம். போதும். பின்னாடி வாங்க. அங்கதான்.”

கட்டைத் துண்டுகளை அடியில் கொடுத்து எஞ்சினை அங்கேயே நிறுத்தினார்கள். இப்போது எஞ்சினுக்கும் பிரேமுக்கும் நடுவே இருந்த இடைவெளி கோணல்மாணலாக இருந்தது. எந்த அளவிலும் அது அடங்காது. சட்டைப் பெட்டியின் அட்டை ஒன்றைக் கிழித்து அந்த இடைவெளியில் வைத்து, துளைகள் வரும் இடத்தில் விரலால் அமுக்கித் தடம் எடுக்கச் சொன்னார் சாந்தலிங்கம்.

“வெர்னியர்?”

“இதுக்கு வேண்டாம்ங்க.”

முப்பத்துநாலு வருடம் வேலை பார்த்த மனிதர் அட்டையைக் கிழித்து விரலால் தடம் எடுத்தார். வெட்கமாக இருந்தது. அன்றைக்கு வீட்டுக்குப் போய் மேகலாவிடம் அதைச் சொன்னார். அவள் சிரித்தாள். வண்டி எந்த அளவில் இருக்கிறது என்று அவளும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

இரண்டாவது ஜோடி பிளேட்டுக்கு ஒன்பது நாள் பிடித்தது. மூளிமூளியாக, ஒன்று மாதிரி ஒன்று இல்லாமல் இருந்தன. மாட்டினார்கள். செயின் நேராக ஓடியது.

ஆவணி முடிய மூன்று நாள் இருந்தது. அன்று காலை பதினொரு மணிக்குப் பெட்ரோல் ஊற்றினார்கள். குழந்தைவேலு கிக்கரை மிதித்தார். முதல் மிதிக்கு ஒன்றுமில்லை. இரண்டாவதுக்கு ஒரு இருமல். மூன்றாவதில் எஞ்சின் பிடித்துக்கொண்டது. நிதானமான, கனத்த சத்தம். குழந்தைவேலு டேங்க் மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு நின்றார். கண் நிறைந்துவிட்டது. துடைத்துக்கொள்ளவில்லை. தினகரன் இருந்திருந்தால் இந்நேரம் ஊரையே கூட்டியிருப்பான் என்று நினைத்தார்.

எஞ்சினை அணைத்தபோது சட்டைப் பையில் போன் அடித்தது.

“மாமா” என்றாள் மேகலா. “உடுமலைக்காரங்க இன்னிக்குச் சாயங்காலம் வர்றோம்னு சொல்றாங்க. இதுதான் கடைசிங்க மாமா. பன்னெண்டு மணிக்கு மறுபடி கூப்பிடுவாங்க. வரச் சொல்லட்டுங்களா?”

குழந்தைவேலு வண்டியைப் பார்த்தார்.

“வண்டியில இன்னும் ஒரு வேலை பாக்கி இருக்குது கண்ணு.”

“செரிங்க மாமா. பன்னெண்டுக்குள்ள நீங்க ஒண்ணும் சொல்லலைன்னா, வேண்டாம்னு சொல்லிர்றேன். உங்களுக்கு மத்தியானத்துக்கு ரசம் வெச்சிருக்கேன். நேரத்துக்கு வந்துருங்க.”

அவள் குரலில் கோபமே இல்லை. அதுதான் அவரைப் படுத்தியது. போனைப் பையில் போட்டுவிட்டு வெர்னியரை எடுத்தார். வண்டிக்குப் பக்கத்தில் மண்டியிட்டார். பிரேமுக்கும் இடப்பக்கத்துப் பிளேட்டுக்கும் நடுவே அளந்தார். மறுபடி அளந்தார்.

“அரை மில்லி இடைவெளி இருக்குது” என்றார்.

“ஆமாங்க” என்றார் சாந்தலிங்கம்.

“உனக்குத் தெரியுமா?”

“மாட்டும்போதே பாத்தனுங்க.”

“கழட்டணும். வேற பிளேட் போடணும்.”

சாந்தலிங்கம் சுவரில் மாட்டியிருந்த ஸ்பேனரை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

“கழட்டுங்க.”

குழந்தைவேலு முதல் நட்டைத் தளர்த்தினார். இரண்டாவதைத் தளர்த்தினார். பக்கத்து மில்லில் மாவு அரைக்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. மணி பதினொன்றே முக்கால். மூன்றாவது நட்டில் ஸ்பேனரைப் போட்டவர் அப்படியே நிறுத்திக்கொண்டு கேட்டார்.

“ஏப்பா, ஒரு வண்டி முடிஞ்சுதுன்னு எப்படித் தெரிஞ்சுக்கறது?”

“யாராச்சும் ஏறி வெளிய போயிட்டா முடிஞ்சுதுங்க.”

“அரை மில்லி இருந்தாலுமா?”

“இங்கிருந்து போன எல்லா வண்டியிலும் இருக்குதுங்க.”

“நான் வேண்டாம்னு சொன்ன அந்த மூணு எஞ்சின்?”

“அதெல்லாம் டெய்லி ஓடிட்டு இருக்குதுங்க.”

குழந்தைவேலு மூன்றாவது நட்டிலிருந்து ஸ்பேனரை எடுத்தார். பிறகு ஸ்பேனரைத் திருப்பிப் போட்டு இரண்டாவது நட்டை இறுக்கினார். முதல் நட்டை இறுக்கினார். கையைச் சட்டையிலேயே துடைத்துக்கொண்டு போனை எடுத்தார்.

“வரச் சொல்லு கண்ணு.”

“மாமா?”

“அவங்களைத்தான். சாயங்காலம் வரச் சொல்லு.”

“வண்டிங்க மாமா?”

“முடிஞ்சுது.”

அவள் என்ன சொன்னாள் என்பது சாந்தலிங்கத்துக்குக் கேட்கவில்லை. குழந்தைவேலு செரி கண்ணு, செரி கண்ணு என்று நான்கைந்து முறை சொன்னார். பலகாரத்துக்கு என்ன வாங்கி வர வேண்டும் என்று கேட்டார். போனை வைத்துவிட்டார்.

இருவரும் சேர்ந்து வண்டியை வாசலுக்குத் தள்ளி வந்தார்கள். குழந்தைவேலு ஏறி உட்கார்ந்தார். முதல் மிதியிலேயே எஞ்சின் பிடித்துக்கொண்டது. கையை ஹேண்டில் பாரில் வைத்தவர் கிளம்பவில்லை. பத்து மாதமாக அவர் யாரிடமும் வாய்விடாத விஷயம். இப்போதும் சாந்தலிங்கத்தைப் பார்க்காமல், தெருவைப் பார்த்துக்கொண்டுதான் பேசினார்.

“உடுமலை எழுவது கிலோமீட்டர் இருக்கும்.”

“இருக்கும்ங்க.”

“மருமகளும் பேத்தியும் அங்க போயிருவாங்க சாந்தலிங்கம். போனா, என்னைப் பாக்கத் திரும்பி வருவாங்களா?”

சாந்தலிங்கம் குனிந்து செயினை ஒருமுறை பார்த்தார். நிமிர்ந்தார்.

“மனுசங்களைப் பத்தி எனக்குத் தெரியாதுங்க சார். நிப்பாட்டி வெச்ச வண்டி திரும்பி வந்து நான் பாத்ததில்லை.”